உடைந்த போல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்: சேலத்தில் புதிதாகப் பட்டறை வைப்பவர்களுக்கு

ஆத்தூர் சாலையில் இருக்கும் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அதிர்வுச் சல்லடை ஒன்று செய்து கொடுத்தேன். பட்டறை தொடங்கிய முதல் வருடம் அது. சல்லடையின் அதிர்வு மோட்டாரைப் பிடித்திருப்பவை நான்கே நான்கு எம்12 (12 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுகள். ஒன்பதாவது நாள் அவற்றில் இரண்டு உடைந்தன. கடையில் சாதா போல்ட் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, ஹெச்.டி. (ஹை டென்சைல், அதிக இழுவை தாங்கும்) போல்ட் வாங்கி மாட்டினேன். மூன்று வாரத்தில் அதுவும் போனது. அதைவிடக் கடினமானது இருக்கிறதா என்று தேடி, 12.9 வகுப்பு ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது), பளபளவென்று துத்தநாக முலாம் பூசியது, மாலையில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் மோட்டாரை இன்னும் ஓட்டக்கூட இல்லை, ஒரு போல்ட்டின் தலை கீழே விழுந்து கிடந்தது.

கிழங்கு வரத்து உச்சத்தில் இருந்த நேரம். பிடுங்கிய குச்சிக்கிழங்கு (மரவள்ளி) இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. ஆலைக்காரர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, லாரி வாசல்ல நிக்குது" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட அதிகமாக உறைத்தது.

நான்காவது செட் மாட்டுவதற்கு முன்புதான் உடைந்த துண்டுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனேன். இரண்டாவது செட் போல்ட்டில் எந்தக் குறையும் இல்லை என்று அறிக்கை வந்தது. குறை நான் போட்ட இணைப்பில் இருந்தது. போல்ட் தன் தடிமனால் பிடிப்பதில்லை, இழுத்து விறைப்பாக நிற்கும் இறுக்கத்தால் பிடிக்கிறது என்பதை அந்த ஆறு வாரத்தில் கற்றேன். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். பட்டறை வைத்திருப்பவர்கள், வைக்கப்போகிறவர்கள், ஆலையில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும்.

1. "நாலு நூல் போல்ட்" என்று கேட்காதீர்கள்

நம் ஊர்க் கடைகளில் இன்னும் நூல் கணக்கு ஓடுகிறது. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. நாலு நூல் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். எம்12 என்பது 12 மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மரை (போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகு வரி) வேறு. எம்12 சாதாரண மரையின் இடைவெளி 1.75 மில்லிமீட்டர். பழைய விட்வொர்த் அரை அங்குலத்தில் அங்குலத்துக்கு 12 மரை, அதாவது ஏறத்தாழ 2.1 மில்லிமீட்டர். அரை அங்குல நட் எம்12 போல்ட்டில் லொடலொடவென்று சில சுற்று ஏறிவிடும். அப்புறம் இறுகுவதுபோல் தோன்றும். அது இறுக்கம் இல்லை, மரையோடு மரை சிக்கிக்கொள்வது. பழைய இயந்திரங்களைப் பழுது பார்க்கும்போது முதலில் மரை கேஜ் வைத்துப் பாருங்கள். விலை குறைவான கருவிதான், சட்டைப் பையில் அடங்கும்.

அளவுக்கு அடுத்தது வகுப்பு. போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டனில் அறுபடும் என்று கிடைக்கும். இரண்டாவது எண், அதில் பத்தில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. 8.8 என்றால் 800-ல் அறுபடும், 640-ல் நீளத் தொடங்கும். 4.6 என்றால் 400, 240. எம்12-க்கு மரைப் பகுதியின் கணக்குப் பரப்பு 84.3 சதுர மில்லிமீட்டர். ஆக 4.6 போல்ட் ஏறத்தாழ 2 டன்னில் நீளத் தொடங்கும், 8.8 போல்ட் ஐந்தரை டன் வரை தாங்கும். ஒரே தடிமன், ஒரே துளை, ஒரே ஸ்பேனர். தாங்கும் சுமை மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

தலையில் எண்ணும் தயாரிப்பாளர் அடையாளமும் இல்லையென்றால் அதை 4.6 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பாக இருந்தால் ஹெச்.டி. என்பது பேச்சு வழக்கு, அத்தாட்சி இல்லை.

நட்டையும் மறக்காதீர்கள். 8.8 போல்ட்டுக்கு 8 என்று குறியிட்ட நட் வேண்டும். எண் இல்லாத நட்டைப் போட்டால் போல்ட் அறுபடாது, நட்டுக்குள் மரை உரிந்துகொண்டு வரும். போல்ட் உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். மரை உரிவது வெளியே தெரியாது, ஒருநாள் மொத்தமாகக் கழன்று வரும்போதுதான் தெரியும்.

இரும்பாலை இருக்கும் ஊர் என்பதால் நமக்கெல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மேல் தனி மரியாதை உண்டு. துருவுக்கு அது நல்லது, வலுவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. கடையில் வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 எஸ்.எஸ். போல்ட் 700-ல் அறுபடும், 450-ல் நீளத் தொடங்கும். 8.8-ஐக் கழற்றிவிட்டு எஸ்.எஸ். போடுகிறவர்கள் வலுவைக் குறைக்கிறார்கள். எஸ்.எஸ். நட் எஸ்.எஸ். போல்ட்டில் வேகமாக ஏறினால் மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளவும் செய்யும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாவு படும் இடத்தில் எஸ்.எஸ். தவிர்க்க முடியாது. அங்கே ஒட்டாமல் தடுக்கும் பேஸ்ட் தடவி, மெதுவாகக் கையால் முறுக்குங்கள்.

2. பில்லும் சர்டிஃபிகேட்டும் வாங்கும் அன்றே

பில்லில் "போல்ட் நட் 4 செட்" என்று எழுதினால் வாங்காதீர்கள். அளவு, நீளம், வகுப்பு, தயாரிப்பாளர் பெயர், பெட்டியில் உள்ள லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண் இவ்வளவும் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஹெச்.எஸ்.என். (வரிக்கான பொருள் குறியீடு) 7318. பெரிய நிறுவனத்துக்கு வேலை செய்தால் 3.1 வகை டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்பார்கள். தயாரிப்பாளர் அந்த லாட்டைச் சோதித்துக் கொடுக்கும் காகிதம் அது.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. சில்லறையாக நாலு போல்ட் வாங்கினால் சர்டிஃபிகேட் கிடைக்காது, பெட்டியாக வாங்க வேண்டும். பெட்டியாக வாங்கினாலும் வாங்கிய அன்றே கேட்க வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போனால் வேறொரு லாட்டின் காகிதத்தை நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். காகிதத்தில் உள்ள லாட் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒத்துப் பார்த்து, பெட்டியின் லேபிளைப் படம் எடுத்துவிடுங்கள். நான் கடைசியாக வாங்கிய எம்12, 80 மில்லி நீளம், 8.8, நட்டும் இரண்டு கடின வாஷரும் சேர்த்து செட்டுக்கு 40 ரூபாய்க்குள் வந்தது. ஆலை ஒருநாள் நிற்பதற்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை.

3. துளையும் விளிம்பும்

எம்12-க்கு 13 மில்லி துளை, எம்16 முதல் எம்24 வரை 2 மில்லி கூடுதல். கேஸ் கட்டரால் கையால் வெட்டிய விளிம்பாக இருந்தால் துளையின் மையத்திலிருந்து விளிம்பு வரை துளை விட்டத்தைப் போல 1.7 மடங்கு இருக்க வேண்டும். 13 மில்லி துளைக்கு 22 மில்லி. இரண்டு போல்ட்டுக்கு நடுவே குறைந்தது போல்ட் விட்டத்தின் இரண்டரை மடங்கு. இவை எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800 சொல்லும் அளவுகள். இதைவிடக் குறைத்தால் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, தகடு கிழியும்.

துளை ஒத்துவரவில்லை என்றால் கேஸ் வைத்து ஊதிப் பெரிதாக்குவது நம் பட்டறைகளில் சர்வ சாதாரணம். வேண்டாம். ரீமர் (துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) போடுங்கள், இல்லையென்றால் தகட்டை மாற்றுங்கள். சேனலின் (‘ட’ வடிவ இரும்புச் சட்டம்) சாய்ந்த உள்பக்கத்தில் போல்ட் வந்தால் அதற்கென்று உள்ள சாய்வு வாஷரைப் போடுங்கள். போடாவிட்டால் போல்ட்டின் தலை ஒரு பக்கமாக உட்கார்ந்து, போல்ட் வளையும்.

4. நான் தோற்ற இடம்: குட்டையான போல்ட்

வைக்கோல் பாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை நன்றாக இழுத்து முறுக்கிக் கட்டிய பாரம், வண்டி எவ்வளவு ஆடினாலும் அசையாது, கயிறும் தேயாது. தளர்வாகக் கட்டினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கயிறு சுண்டி இழுபடும். போல்ட்டும் அப்படித்தான். நன்றாக இறுகிய இணைப்பில் வெளியே வரும் அதிர்வின் பெரும்பகுதியைத் தகடுகளே வாங்கிக்கொள்ளும், போல்ட்டுக்கு ஒரு சிறு பங்குதான் போகும். இறுக்கம் போய்விட்டால் முழு ஆட்டமும் போல்ட்டின் மேல்தான்.

1,440 சுற்று மோட்டார் நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடினால் போல்ட் 17 லட்சத்துக்கு மேல் முறை இழுபட்டுத் தளர்கிறது. ஒரே நாளில். எவ்வளவு கடினமான போல்ட்டாக இருந்தாலும் தளர்ந்த நிலையில் இதைத் தாங்காது. களைப்பு முறிவு என்பது இதுதான். ஒரு தடவையில் அறுக்க முடியாத சுமை, லட்சக்கணக்கான தடவை வந்து அறுத்துவிடும். அதுவும் எங்கே? நட் பிடித்திருக்கும் முதல் மரையில். ஏனென்றால் நட்டில் எத்தனை மரை இருந்தாலும் சுமையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அந்த முதல் மரையே வாங்குகிறது.

சரி, இறுக்கம் ஏன் போனது? நான் முறுக்கத்தான் செய்தேன். என் இணைப்பில் மோட்டார் பாதம் 10 மில்லி, அடித்தகடு 6 மில்லி, மொத்தம் 16 மில்லியைத்தான் போல்ட் கவ்வியிருந்தது. 8.8 போல்ட்டைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கினால் 16 மில்லி நீளத்தில் அது ஏறத்தாழ 0.034 மில்லிமீட்டர் நீளும். அவ்வளவுதான். அந்த 0.034 மில்லி நீட்சிதான் முழு இறுக்கமும். நானோ தகட்டின் மேல் இரண்டு கோட் பெயிண்ட் அடித்து, அதன் மேல் மெல்லிய வாஷர் வைத்து முறுக்கியிருந்தேன். பெயிண்ட் நசுங்கி 0.02 மில்லி போனாலே பாதிக்கு மேல் இறுக்கம் போய்விடும். முறுக்கிய அன்று எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஓடத் தொடங்கிய சில மணி நேரத்தில் போல்ட் வெறும் முளைக்குச்சியாகிவிட்டது.

அதே போல்ட் 60 மில்லியைக் கவ்வியிருந்தால் 0.127 மில்லி நீளும். அதில் 0.02 போனால் ஆறில் ஒரு பங்குதான் நஷ்டம். ஆகவே அதிரும் இணைப்பில் போல்ட் கவ்வும் நீளம் அதன் விட்டத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். தகடு மெல்லியதாக இருந்தால் தடித்த சுவர் உள்ள குழாய்த் துண்டை லேத்தில் இரண்டு முகமும் நேராகச் சீவி, புஷ் மாதிரி நடுவே வைத்து, நீளமான போல்ட் போடலாம். நான் 40 மில்லி புஷ் வைத்தேன். நாலு புஷ்ஷுக்கும் லேத் கூலி ஒரு போல்ட் பெட்டியின் விலைகூட ஆகவில்லை.

இணையும் முகங்களில் பெயிண்டை முழுதாகச் சுரண்டுங்கள். வாஷர் கடினமாக்கியதாக இருக்கட்டும். கடையில் கிலோ கணக்கில் விற்கும் மெல்லிய வாஷர் நட்டின் கீழே கிண்ணம்போல் குழிந்துவிடும்.

5. முறுக்குவது எவ்வளவு

"கைக்குத் தெரியும்" என்று மூத்த ஃபிட்டர்கள் சொல்வார்கள். அவர்களுடைய கையை நான் மதிக்கிறேன், ஆனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. எம்6 8.8 போல்ட்டுக்கு எண்ணெய் இல்லாமல் சுமார் 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) போதும். 15 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 7 கிலோ அழுத்தம். எம்12-க்கு 85 முதல் 90. எம்16-க்கு சுமார் 215. 30 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அந்த 215-ஐத் தொட வேண்டுமென்றால் 70 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். ஒரே கை இரண்டையும் முறுக்கினால் என்ன ஆகும்? சின்ன போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி நீட்டிவிடும், பெரிய போல்ட்டைப் பாதி இறுக்கத்தில் விட்டுவிடும்.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வாங்குங்கள். 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை உள்ளது எனக்கு 5,500 ரூபாய் ஆனது. பட்டறையில் அதற்கு முன் வாங்கிய எந்தக் கருவியும் இவ்வளவு சீக்கிரம் தன் விலையைத் திருப்பித் தரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 5,000 முறை பயன்படுத்திய பிறகு, எது முதலில் வருகிறதோ அப்போது அளவு சரிபார்த்துக் காகிதம் வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் களைத்துவிடும். கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.

எண்ணெய் விஷயத்தில் கவனம் வேண்டும். நாம் முறுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது, மீதிதான் இறுக்கம் ஆகிறது. மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே 90 நியூட்டன் மீட்டரில் இறுக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடலாம். ஆகவே எண்ணெய் போடுவதா வேண்டாமா என்பதை முன்பே முடிவு செய்து, நான்கு போல்ட்டுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். போடுவதாக இருந்தால் முறுக்கும் அளவை நான்கில் ஒரு பங்கு குறையுங்கள்.

வரிசையும் முக்கியம். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலையாக, முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த சுற்றில் மூன்றில் இரண்டு, கடைசியில் முழு அளவு. நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை தெரிய வேண்டும்.

6. கழலாமல் இருக்க

ஸ்பிரிங் வாஷரை நம்பாதீர்கள். இதைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நானும் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பிரிங் வாஷர் தட்டையாக நசுங்குவதற்கு வேண்டிய விசை, போல்ட் இறுக்கத்தோடு பார்த்தால் மிகச் சிறியது. முழுதாக முறுக்கிய பிறகு அது வெறும் வளையம்தான். நட் கழலுவது தகடுகள் பக்கவாட்டில் வழுக்கும்போது. அந்த வழுக்கலைத் தடுப்பது இறுக்கம் ஒன்றுதான்.

இறுக்கம் சரியாக இருக்கும்போது கூடுதல் பாதுகாப்பாக நைலான் நட் போடலாம், ஆனால் சூடான இடத்தில் வேண்டாம், 120 டிகிரிக்கு மேல் நைலான் தாங்காது. சேகோ வறுக்கும் தட்டுப் பக்கம் அது உதவாது. மரையில் ஊற்றும் பசை நல்லது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு ஊற்ற வேண்டும். இரட்டை நட் போடுகிறவர்கள் மெல்லிய நட்டை முதலிலும் தடித்ததை அதன் மேலும் போடுங்கள். பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

நட்டை வெல்டு வைத்துவிட்டால் கழலாது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து ஹெச்.டி. போல்ட்டில் அதைச் செய்யாதீர்கள். 8.8 போல்ட்டின் வலுவே வெப்பப் பதத்தால் வந்தது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, ஒரு பக்கம் மென்மையாகவும் பக்கத்திலேயே நொறுங்கும் அளவுக்குக் கடினமாகவும் ஆக்கிவிடும்.

7. முலாம், துரு, ஏற்காட்டு வேலைகள்

என் மூன்றாவது செட்டுக்கு என்ன ஆனது என்று இங்கே சொல்ல வேண்டும். முலாம் பூசுவதற்கு முன் போல்ட்டை அமிலத்தில் முக்கிச் சுத்தம் செய்வார்கள். அப்போதும், மின்முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். சாதாரண போல்ட்டுக்கு அதனால் ஆபத்து இல்லை. 12.9 போன்ற மிகக் கடினமான போல்ட்டில் முறுக்கிய இறுக்கத்திலேயே சில மணி நேரத்திலோ சில நாளிலோ சத்தமில்லாமல் தலை அறுந்துவிடும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு எடுத்தால் ஹைட்ரஜன் வெளியேறும். உள்ளூர் முலாம் பட்டறையில் அதைச் செய்தார்களா என்பதற்குக் காகிதம் இல்லையென்றால் 10.9-க்கும் 12.9-க்கும் மின்முலாம் கொடுக்காதீர்கள். தலைக்கு மேலே தொங்கும் எதிலும் அப்படிப்பட்ட போல்ட் இருக்கவே கூடாது.

ஏற்காட்டு எஸ்டேட் வேலை எடுப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் மூடுபனி, மழை, காபிப் பழத்தோல் ஊறும் புளித்த தண்ணீர். கடையில் வரும் மஞ்சள் அல்லது வெள்ளை மின்முலாம் சில மைக்ரான் தடிமன்தான், அங்கே நாள் தாங்காது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த 8.8 போல்ட் வாங்குங்கள். அதற்கு நட்டும் அதே கடையில், ஜோடியாக. முலாம் தடிமனுக்காக அந்த நட்டின் மரையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருப்பார்கள். சாதா நட் ஏறாது. ஏறவில்லை என்று போல்ட்டுக்கு டை (மரை வெட்டும் கருவி) போட்டால் முலாம் முழுதும் உரிந்துவிடும்.

மலைக்கு ஒரு போல்ட் குறைவாக எடுத்துப் போய்விட்டால் அரை நாள் போச்சு. பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் கூடுதலாக எடுத்துப் போங்கள்.

8. உடைந்துவிட்டால் முதல் அரை மணி நேரம்

போனை எடுத்துப் படம் பிடியுங்கள், எதையும் தொடுவதற்கு முன். எந்த மூலை போல்ட், தலைப் பக்கமா நட் பக்கமா, மற்ற போல்ட்டுகள் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருக்கின்றனவா என்று எழுதுங்கள். உடையாத போல்ட்டுகளையும் கழற்றி, எந்த மூலை என்று சீட்டுக் கட்டுங்கள். உடைந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். எல்லோருக்கும் கை அப்படித்தான் போகும், ஆனால் ஆதாரம் அந்த முகத்தில்தான் இருக்கிறது, ஒரு தடவை தேய்ந்தால் போய்விடும். கம்பி பிரஷ் போடாதீர்கள். உலர்ந்த துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் வையுங்கள்.

பிறகு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முகம் வழவழப்பாக, கிளிஞ்சல் ஓட்டில் இருக்கும் வளைகோடுகள் போல வரிவரியாக இருந்து, ஓரத்தில் மட்டும் கரடுமுரடாக இருந்தால் களைப்பு முறிவு. வழவழப்பான பகுதி பெரிதாக இருந்தால் சுமை குறைவு, இறுக்கம் போய்ப் பல நாள் ஆடியிருக்கிறது. போல்ட் மெலிந்து கழுத்துபோல் நீண்டு அறுந்திருந்தால் ஒரே தடவை அதிகச் சுமை. முறுக்கிப் பிழிந்த கரும்புச் சக்கைபோல் சுழன்ற தடம் இருந்தால் முறுக்கும்போதே அளவு மீறியிருக்கிறது. நீட்சியே இல்லாமல் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் மணிமணியாக இருந்தால், அதுவும் கடினமான முலாம் போல்ட்டாக இருந்தால், ஹைட்ரஜனைச் சந்தேகப்படுங்கள். என் முதல் இரண்டு செட்டிலும் கிளிஞ்சல் கோடு இருந்திருக்கிறது. முதல் செட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். படம் மட்டும் இருந்தது.

9. சோதனைக்கூடம்: காகிதம், செலவு, நாள்

கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. முதலில் அங்கே உலோகச் சோதனை வெளியாருக்குச் செய்வார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் கோயம்புத்தூர். சிடார்க் போன்ற சோதனை நிலையங்களுக்குக் காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். எங்கே கொடுத்தாலும் என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் போல்ட் சோதனை, அதாவது ஐ.எஸ். 1367 பகுதி 3, இருக்கிறதா என்று கேளுங்கள். சிமென்டுக்கு அங்கீகாரம் பெற்ற கூடத்தின் போல்ட் அறிக்கையை வாடிக்கையாளரும் இன்ஷூரன்ஸ்காரரும் ஏற்க மாட்டார்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: உடைந்த துண்டுகள், அதே லாட்டில் மாட்டாத புது போல்ட் மூன்று, பில் நகல், டெஸ்ட் சர்டிஃபிகேட், இணைப்பின் படம் (கையால் வரைந்தது போதும், தகட்டுத் தடிமன்கள் இருக்கட்டும்), எத்தனை நாள் ஓடியது என்ற குறிப்பு, லெட்டர்ஹெட்டில் ஒரு கோரிக்கைக் கடிதம். கடிதத்தில் "சோதிக்கவும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் வேதியியல் சோதனை மட்டும் செய்து காகிதம் கொடுப்பார்கள், அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கடினத்தன்மை, முழு போல்ட் இழுவை, உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்துக் காரணம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

எனக்கு ஆன செலவு: கடினத்தன்மை இரண்டு துண்டுக்கு 800 ரூபாய், இழுவை ஒன்றுக்கு 700, உடைந்த முகம் பார்க்க 2,500. வரியோடு 4,720. ஐந்து வேலை நாள் ஆனது. கூடத்துக்குக் கூடம் விலை மாறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இழுவைச் சோதனைக்கு போல்ட் நீளம் விட்டத்தின் இரண்டரை மடங்காவது வேண்டும், அதைவிடக் குட்டையானதற்குக் கடினத்தன்மை மட்டும்தான் பார்க்க முடியும்.

அறிக்கை வந்ததும் ஒரு எண்ணைப் பாருங்கள். எம்16 வரை 8.8 போல்ட்டின் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 22 முதல் 32-க்குள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் கடைக்காரரிடம் பேச உங்கள் கையில் காகிதம் இருக்கிறது. சரியாக இருந்தால், என்னைப்போல, இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

10. மாட்டிய பிறகு

முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை பெயிண்டில் ஒரே கோடு இழுங்கள். நட் சுற்றினால் கோடு பிரியும், ஆலையில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லலாம். கோடு பிரியாமலேயே இறுக்கம் போகலாம் என்பதால் கோட்டை மட்டும் நம்பக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு ஷிஃப்ட் முடிந்ததும், பிறகு ஒரு வாரத்தில், பிறகு மாதம் ஒருமுறை. தேதி, மூலை, எவ்வளவு சுற்றியது என்று ஒரு நோட்டில் எழுதி ஆலையிலேயே விடுங்கள். அந்த நான்கு வருகைக்குமான கூலியைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடுங்கள். முதலில் போடாவிட்டால் பிறகு கேட்க முடியாது, கேட்க முடியாததால் போகவும் மாட்டீர்கள்.

அதிரும் இடத்தில் ஒருமுறை கழற்றிய ஹெச்.டி. போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். அதைத் தனி டப்பாவில் போட்டு, கட்டர் வைத்து மரையை வெட்டிவிடுங்கள், பட்டறைப் பையன் தெரியாமல் எடுத்துவிடாமல் இருக்க.

அந்தச் சல்லடையில் நான் மாட்டிய நான்காவது செட்டில் முதல் மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு போல்ட் கொஞ்சம் சுற்றின, ஷிஃப்ட் முடிந்ததும் ஒன்று. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நான்கும் அசையவில்லை. நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஆலைக்காரர் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.